லண்டனில் வாடகை வீட்டுக்குப் பதிலாகப் படகில் குடியிருப்பது கட்டுப்படியாகுமா?

கரையோரவாசி:
ஓர் அறை வாடகைக்கே சம்பளத்தில் பாதி போய்விடுவதால், பழைய நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) ஒன்றை வாங்கிக் கால்வாயில் குடியிருக்கலாமா என்று யோசிக்கிறேன். தனி ஆளுக்கு இது மிச்சமாகுமா?

மதகு:
வாடகை மிச்சமாகும், ஆனால் கட்டிவைக்க நிரந்தரத் துறை (படகு நிறுத்துமிடம்) இல்லாத படகு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பதால், மழையானாலும் பனியானாலும் மதகுகளைக் கையால் திறந்து மூடிப் படகை நகர்த்தியே தீர வேண்டும். ஆண்டு உரிமம், காப்பீடு, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், அடிப்பகுதி துருப்பிடிக்காமலிருக்கக் கரையேற்றிப் பூசும் கறுப்புப் பூச்சு எனச் செலவுகள் வரிசைகட்டி வரும். துறையற்ற படகுகளுக்கு 2024 முதல் உரிமத்தில் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது.

கரியடுப்பு:
பணத்தைவிட உழைப்பைக் கணக்கிடுங்கள், தம்பி. கழிவறைப் பெட்டியை நீங்களே சுமந்துபோய்க் கொட்ட வேண்டும்; டிசம்பரில் சூரியத் தகடு பெரும்பாலும் கைகொடுக்காது; அடுப்பு இரவில் அணைந்துவிட்டால், விடிவதற்குள் சன்னல் சட்டத்தில் கோத்த நீர் சொட்டித் தலையணை நனைந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஓர் இரவும் உறங்காதீர்கள்.

கரையோரவாசி:
நன்றி. வங்கிக்கும் மருத்துவருக்கும் எந்த முகவரியைக் கொடுப்பது?

மதகு:
பலர் உறவினர் வீட்டு முகவரியைத்தான் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் படகைக் கரையேற்றி இரும்புத் தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஜனவரியில் ஒரு வாரம் வாடகைப் படகில் தங்கிப் பாருங்கள்.