டிரெய்லர் இழுக்க, குடும்பத்தோடு போக: பழைய பிக்கப்பில் எதை வாங்கலாம்?

கேட்டிவாசி:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். மார்ச்சில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார். போன மாதம் சுற்றுலாவில் தங்குவதற்கான 26 அடி நீள டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டோம். வெற்று எடை 5,200 பவுண்டு. சாமான் ஏற்றினால் 7,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. டிரெய்லர் வந்துவிட்டது, இழுக்க வண்டி இல்லை.

கையில் இருப்பது 35,000 டாலர். அதே வண்டியில்தான் வார நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், கடைக்குப் போக வேண்டும். இதுவரை நான்கு வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்: 2019 ஃபோர்டு எஃப்-150 லேரியட், 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட். 2019 ராம் 1500 லாராமி, 5.7 ஹெமி, 2018 டொயோட்டா டுண்ட்ரா குரூமேக்ஸ், 5.7 வி8, 2020 செவ்ரோலே சில்வராடோ, 5.3 வி8. ராமின் சொகுசு மனைவிக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு டுண்ட்ராவின் எஞ்சின் மீது நம்பிக்கை. விற்பவர்கள் நால்வருமே "ஏழாயிரம் பவுண்டெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை" என்கிறார்கள். நால்வரும் ஒரே பதிலைச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. கோடையில் கொலராடோ வரை போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, உயரமாக ஏற முடியாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பாரவண்டி:

தம்பி, உங்கள் உறுத்தல் நியாயமானது. "எவ்வளவு இழுக்கும்" என்ற எண்ணை மறந்துவிடுங்கள். "எவ்வளவு தாங்கும்" என்று கேளுங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் எண் அந்த மாடலின் மிகச் சாதகமான அமைப்புக்கு உரியது. ஸ்டிக்கரில் இருப்பதோ உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு உரியது. கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்த எண் இறங்கும். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின் உள்ள இரண்டு வண்டிகளுக்கு இடையே ஐந்நூறு பவுண்டு வித்தியாசம் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தாத்தா பாரவண்டி ஓட்டியவர். வைக்கோல் ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பி வண்டி குடைசாயும். டிரெய்லரும் அப்படியே. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக ஹிட்சின் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் உட்கார வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வாலாட்டும். அந்த முன்பாரம் முழுவதும் பிக்கப்பின் பேலோடு கணக்கில் சேரும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 7,000 பவுண்டில் 13 சதவீதம் என்றால் 910. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் கட்டாயம் போடுங்கள், அதுவே சுமார் 100. நீங்கள் ஐந்து பேரும் குழந்தை இருக்கையும் உத்தேசமாக 580. பின்னால் ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், கருவிகள் 200. ஆக 1,790. ஸ்டிக்கரில் 1,800க்குக் குறைவாக இருந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என் முதல் பிக்கப் பார்க்க அரண்மனை போல இருக்கும், ஸ்டிக்கரில் 1,180. அப்போது அந்த ஸ்டிக்கரைப் படிக்கக்கூட எனக்குத் தெரியாது. டிரெய்லரை மாட்டியதும் பின்புறம் அமுங்கி, முகப்பு விளக்கின் வெளிச்சம் மரக்கிளைகளில் அடித்தது. சான் அன்டோனியோ தாண்டி ஒரு பெரிய லாரி எங்களை முந்தியபோது ஸ்டீயரிங் என் கையில் காற்றாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடுகிறது. பிரேக்கை மிதிக்காமல், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி ஓரம் கட்டினேன். பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து நொடியை இன்றும் மறக்க முடியவில்லை.

மலையோரம்:

நான் டென்வர் பக்கம் இருப்பவள், ஐந்து வருடமாக டிரெய்லர் இழுக்கிறேன். மேலே அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கொலராடோ பற்றி மட்டும் சொல்கிறேன்.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஹெமியும் டுண்ட்ராவின் வி8-ம் ஹூஸ்டனில் காட்டும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை அங்கே விட்டுவிடும். ஈகோபூஸ்டில் இரட்டை டர்போ இருப்பதால் இழப்பு மிகக் குறைவு. வி8 ஏறாது என்று சொல்லவில்லை. கீழ் கியரில், அதிகச் சுழற்சியில், வலது தடத்தில் லாரிகளோடு ஏறும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டால் போதும்.

எனக்கு உண்மையான பயம் இறக்கத்தில்தான். வண்டியிலேயே பொருத்தி வந்த டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இழுவை முறைக்கான பொத்தானை அழுத்தி, ஏறிய வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில், கீழ் கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகல் வாடை வரும்.

ராம் வாங்குவதாக இருந்தால் பின் ஆக்ஸில் விகிதத்தைக் கேளுங்கள், அதாவது பின்சக்கரம் ஒரு முறை சுழல அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்ணை. 3.21 உள்ளதும் 3.92 உள்ளதும் வெளியே பார்க்க ஒன்றுதான், இழுவைத் திறனில் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம்.

இன்னொன்று, குழந்தை இருக்கை. பிக்கப்பில் பின்னிருக்கைக்குப் பின்னால் நேரே சுவர்தான். இருக்கையின் மேல் பட்டையை மாட்டும் முறை காரில் இருப்பது போல இருக்காது. பல வண்டிகளில் பட்டையை ஒரு துணி வளையத்துக்குள் நுழைத்துப் பக்கத்து இருக்கையின் கொக்கியில் மாட்ட வேண்டியிருக்கும். மகனின் இருக்கையை எடுத்துப் போய், விற்பவர் முன்னாலேயே பொருத்திப் பாருங்கள். நடுவில் பாட்டி உட்கார இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கிரீஸ்கை:

இருபது வருட மெக்கானிக். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பார்க்கப் போகும் முன் "நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். 2017 முதல் 2020 வரையிலான 3.5 ஈகோபூஸ்டில், குளிர்ந்த எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று நொடி கடகடவென்று கேட்டால் கேம் பேஸர் (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கோளாறு. செலவு பெரிது, மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ராமின் ஹெமியிலும் சில்வராடோவின் 5.3-யிலும் 'டிக் டிக்' சத்தம் எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் வால்வைத் தூக்கும் லிஃப்டரைச் சந்தேகப்படுங்கள். ஜி.எம்.-இன் 6.2 வி8 யாராவது காட்டினால், 2021 முதல் 2024 வரையிலான மாடல்களுக்கு 2025இல் ரீகால் வந்தது, அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். டுண்ட்ராவின் 5.7 நல்ல எஞ்சின், ஆனால் நகரத்துக்குள் கேலனுக்கு 13 மைல்தான். தினமும் பள்ளிக்கு ஓட்டுபவருக்கு அது சிறிய செலவு அல்ல.

ஹூஸ்டன் என்பதால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்த்தே ஆக வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். கார்பெட்டைக் கழுவுவார்கள், அந்தப் பட்டையைக் கழுவ யாருக்கும் தோன்றாது.

கேட்டிவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த நான்கு வண்டிகளின் கதவுத் தூண்களையும் போய்ப் படித்தேன். ராம் லாராமி 1,290. டுண்ட்ரா 1,340. நான்கு சக்கர இயக்கம் கொண்ட லேரியட் 1,560. சில்வராடோ 1,700. நான்குமே தேறவில்லை. எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டு உட்கார்ந்து பார்த்த மனைவிதான், "அப்படியென்றால் சொகுசு குறைந்ததைத் தேடு" என்றாள்.

பதினொரு வண்டி பார்த்த பிறகு ஒன்று கிடைத்தது. 2019 எஃப்-150 எக்ஸ்எல்டி, அதே 3.5 எஞ்சின், பின்சக்கர இயக்கம் மட்டும், துணி இருக்கை, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு உண்டு. ஸ்டிக்கரில் 1,930. பானட் குளிர்ந்திருந்தது, சத்தம் இல்லை. கேம் பேஸர் மாற்றிய ரசீதை அவர்களே எடுத்துத் தந்தார்கள். நான்கு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன், சுத்தம். மகனின் இருக்கையைப் பொருத்த எனக்கு இருபது நிமிடம் ஆனது. மலையோரம் அக்கா சொல்லாவிட்டால் அந்தத் துணி வளையத்தைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

வண்டியின் நீளம் 19 அடி 4 அங்குலம். எங்கள் கராஜ் சரியாக 20 அடி. சுவரில் இருந்த அலமாரியைக் கழற்றிய பிறகுதான் கதவு மூடியது. வாங்க நினைப்பவர்கள் முதலில் இதையும் அளந்துவிடுங்கள்.

அம்மா வந்துவிட்டார். பக்கவாட்டில் படிப்பலகை போட்டும் உயரம் அதிகமாகத்தான் இருந்தது. அதற்கும் கீழே ஒரு சிறிய முக்காலி வைக்கிறேன். வலது கையால் தூணில் உள்ள பிடியைப் பிடித்து, வலி இல்லாத காலை முதலில் வைத்து, ஒரு மூச்சு நின்று, பிறகு ஏறுகிறார். இரண்டாம் நாளே என் கையை விலக்கிவிட்டார்.

போன சனிக்கிழமை ஐந்து பேரும் ஏறி, டிரெய்லரை மாட்டி, முழுச் சாமானோடு லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தின் எடை மேடையில் ஏற்றினோம். முன் அச்சு 3,040, பின் அச்சு 3,590, டிரெய்லர் அச்சுகள் 5,540. முதல் இரண்டையும் கூட்டினால் பிக்கப்பின் எடை 6,630, பிக்கப்புக்கான வரம்பு 7,000. பாரவண்டி ஐயா, உங்கள் கணக்கை எழுதிய தாளையும் எடை மேடைச் சீட்டையும் ஒன்றாகக் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரம் கார்னர் மாநிலப் பூங்கா, ஃப்ரியோ ஆற்றங்கரை. அது நன்றாக முடிந்தால் ஜூலையில் கொலராடோ.