படிப்பு ஏற ஏறத் துதி இறங்குமா?

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று மாதமாக மனதில் கிடந்து உறுத்துவதை இங்கே கொட்டுகிறேன். என் தம்பி இறையியல் கல்லூரியில் பி.டி. முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். கல்லூரிக்குப் போவதற்கு முன் குடும்ப ஜெபத்தில் அவன் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இப்போது பாட்டு நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஏசாயா வாசித்தால், 40-ம் அதிகாரத்திலிருந்து எழுதியவர் வேறொருவர் என்கிறான். ஜெபம் முடிந்ததும் எங்கள் ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டாள்.

ஆச்சிக்கு வயது 84. எழுதப் படிக்கத் தெரியாது. இளவயதில் விடிலி என்னும் ஓலைக் குடிசையில் பதநீர் காய்ச்சியவள். பதநீர் கூப்பனி என்ற பாகாகிப் பொங்கி வரும்போது துடுப்பை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அடி பிடித்துவிடும். அந்த நேரம் பார்த்து 103-ம் சங்கீதத்தை எடுப்பாள். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று தொடங்கி, "சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற இடத்தில் துடுப்பை ஓங்கி ஒரு இழுப்பு இழுப்பாள். புகையில் கண் எரிந்து தண்ணீர் வழியும், வாய் மட்டும் நிற்காது. சிறுவனாக ஓலையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டு அதைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த துதி அதுதான்.

"இவைகளை ஞானிகளுக்கும் கல்விமான்களுக்கும் மறைத்து, பாலகருக்கு வெளிப்படுத்தினபடியால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று இயேசுவே சொன்னார். அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று பவுல் எழுதினார். படிப்பு ஒரு அளவுக்கு மேல் போனால் துதி வற்றிவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. தவறென்றால் சொல்லுங்கள்.

உபவாசக் கூடம்:

பிரதர், தவறே இல்லை. அப்போஸ்தலர் 4-ம் அதிகாரத்தில் பேதுருவையும் யோவானையும் பார்த்து ஆலோசனைச் சங்கத்தார் என்ன நினைத்தார்கள்? படிப்பறியாதவர்கள், பேதைமையுள்ளவர்கள் என்றுதான். ஆனாலும் ஆச்சரியப்பட்டார்கள். ஆவியானவர் வந்தால் போதும், கல்லூரி எதற்கு? உங்கள் தம்பிக்காக உபவாசம் எடுங்கள். அந்தப் புத்தகங்களை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

பாளை டீச்சர்:

தேரிக்காட்டுத் தம்பி, உங்கள் ஆச்சியை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது. நான் 31 வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள், ஞாயிறு பள்ளியிலும் எடுக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆச்சி சொன்ன 103-ம் சங்கீதம் அவள் வாய்க்குத் தமிழில் எப்படி வந்து சேர்ந்தது?

1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. அந்த ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்த நிலையில் 1719-ல் இறந்தார். வயது 36. சங்கீதத்தைத் தொட அவருக்கு ஆயுசு இல்லை. அவருக்குப் பின் சூல்ட்சே தொடர்ந்தார். அப்புறம் 1740-ல் வந்த பப்ரிசியஸ், சென்னையில் வேப்பேரியில் இருந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் தமிழ் அறிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டித் திருத்தித் திருத்தி எழுதினார். பிறகு 1871-ல் போவர் தலைமையிலான குழுவின் திருத்தம். இவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படிச் சொன்னால் தமிழ் ஆகாது ஐயா" என்று சொல்லிக்கொடுத்த நம் ஊர்ப் புலவர்கள் எத்தனையோ பேர். எபிரேயம், கிரேக்கம், இலக்கணம், அகராதி என்று இத்தனை பேருடைய படிப்பும் சேர்ந்துதான் "மறவாதே" என்ற சொல் ஆச்சியின் துடுப்புக்கு வந்தது. படிப்பு துதியை வற்றவைக்கும் என்றால் அந்தத் துதியே நமக்கு வந்திருக்காதே.

உபவாசக் கூடத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. பேதுரு படிக்காதவர், சரி. பவுல் யூத வேதபாரகர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். சிறையில் கடைசி நாட்களில் தீமோத்தேயுவிடம் அவர் கேட்டது என்ன? மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவா என்றார். குளிருக்குப் போர்வை வேண்டியிருக்கும் நேரத்திலும் "விசேஷமாய்" என்ற சொல்லைத் தோற்சுருளுக்குத்தான் போட்டார். பிலிப்பி சிறையில் கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடித் துதித்ததும் இதே பவுல்தான். புத்தகத்தை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்லாதீர்கள்.

உபவாசக் கூடம்:

அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தக் காலத்தில் இறையியல் படித்துவிட்டு விசுவாசத்தைத் தொலைத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிரசங்க மேடையில் ஏறினால் மேற்கோளாகக் கொட்டுகிறார்கள். கண்ணீர் இல்லை. "அநேகம் புஸ்தகங்களை உண்டுபண்ணுகிறதற்கு முடிவில்லை, அதிக படிப்பு உடலுக்கு இளைப்பு" என்று பிரசங்கியே சொல்லிவிட்டார். படித்தவர்களின் சபையைவிட ஆச்சியின் விடிலியில் தேவபிரசன்னம் அதிகம் என்பதே என் வாதம்.

கடலோரக் கத்தோலிக்கன்:

நான் வேறு திருச்சபை. ஆனாலும் இந்தக் கேள்வி எங்களுக்கும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

புனித தாமஸ் அக்வினாஸைவிட அதிகம் படித்த ஒருவரை எங்கள் மரபில் காட்டுவது கடினம். 1273 டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாள். நேப்பிள்ஸில் திருப்பலி நிறைவேற்றும்போது அவருக்கு ஏதோ நேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. பெரிய இறையியல் தொகுப்பு பாதியில் நிற்கிறது. உதவியாளர் ரெஜினால்டு வற்புறுத்தியபோது, நான் கண்டதற்கு முன் நான் எழுதியதெல்லாம் வைக்கோல்போலத் தெரிகிறது என்றார். மூன்று மாதத்தில், 1274 மார்ச் 7 அன்று இறந்தார்.

உபவாசக் கூடம்:

பார்த்தீர்களா! அவ்வளவு படித்தவரே வைக்கோல் என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கடலோரக் கத்தோலிக்கன்:

கொஞ்சம் பொறுங்கள் சகோதரரே, நான் இன்னும் முடிக்கவில்லை. எங்கள் கோயில்களில் நற்கருணை ஆசீரின்போது "மாண்புயர் இவ்வருட்சாதனத்தை" என்று ஒரு பாட்டு உண்டு. எங்கள் கடற்கரையில் அதை மனப்பாடமாகப் பாடாத மீனவர் கிடையாது. வலை இழுத்துக் காய்த்துப்போன கையைக் குவித்து, முழங்காலில் நின்று பாடுவார்கள். தூபப் புகை மேலே போகும், மணி அடிக்கும். என் அப்பா தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார். அந்தப் பாட்டின் இலத்தீன் மூலம் அக்வினாஸ் எழுதியது. வைக்கோல் என்று சொல்வதற்குப் பல வருடம் முன்னாலேயே எழுதியது. புலன்களால் அறிய முடியாத குறையை விசுவாசம் வந்து நிரப்பட்டும் என்கிறது அதன் ஒரு வரி. அறிவு எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அந்த எல்லைவரை நடந்து போனவரால்தான் இப்படி ஒரு வரி எழுத முடியும் என்று நினைக்கிறேன். அவர் வைக்கோல் என்றது தான் எழுதியதை. படிக்க நினைக்கிற இன்னொருவனைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை.

விலங்கியல் மாணவன்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்லலாமா?

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா மருத்துவமனையில் இருந்தார். அப்போது ஒரு ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தி, "நீ பரிணாமம் படிக்கிறாய், உன் அவிசுவாசம்தான் தகப்பனைப் படுக்கையில் போட்டது, இப்போதே கையை உயர்த்தித் துதி" என்றார்கள். கை உயரவில்லை. அதன்பின் ஒரு வருடம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. வீட்டில் வேதத்தை மட்டும் வாசித்தேன். அப்படித்தான் யோபுவுக்கு வந்து சேர்ந்தேன்.

38-ம் அதிகாரத்திலிருந்து கர்த்தர் பெருங்காற்றிலிருந்து கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகிறார். 39-ம் அதிகாரத்தின் முதல் வரி, "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அது எனக்குத் தெரியும். மூலத்தில் வருவது யூதேயா மலைகளின் காட்டாடு. மொழிபெயர்த்தவர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் விலங்கின் பெயரை வைத்துவிட்டார்கள். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பயணிகளுக்கு மூடுவதே வரையாடு குட்டி ஈனும் பருவம் என்பதால்தான். சுமார் 6 மாதச் சினை, பெரும்பாலும் ஒரே குட்டி. யோபுவுக்குத் தெரியாதது என் தேர்வுத்தாளில் 2 மதிப்பெண் கேள்வி.

அப்படியானால் கடவுளின் கேள்வி காலாவதியாகிவிட்டதா? இது என்னை வாட்டியது. ஏப்ரலில் பூங்கா திறந்ததும் போனேன். ராஜமலையில் மூடுபனி. பாதைக்கு மேலே, ஒரு கை அகலம் இருக்கும் பாறை விளிம்பில் ஒரு தாய், அதன் வயிற்றை ஒட்டிக் குட்டி. கீழே பாதாளம். குட்டி முன்னங்காலை நீட்டி அடுத்த பாறையைத் தொட்டுப் பார்த்தது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பிறகு ஒரு தாவல். அந்தக் குளம்பின் அமைப்பு பாறையில் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் என் கூட வந்தவர்களைவிட நான் அதிக நேரம் நின்றேன். "ஸ்தோத்திரம்" என்று என் வாயிலிருந்து வந்தது. யாரும் கையை உயர்த்தச் சொல்லவில்லை.

யோபுவின் வாயை அடைக்கத்தான் அவர் கேட்டார் என்று இப்போது நான் நினைப்பதில்லை. தான் படைத்ததை ஒவ்வொன்றாகக் காட்டுகிற ஆசை அந்தக் கேள்விகளில் இருக்கிறது.

பாளை டீச்சர்:

தம்பி, அன்றைக்கு உங்களை எழுப்பி நிறுத்தியவர்கள் செய்தது பாவம். அதைச் சொல்லாமல் மேலே பேச எனக்கு மனம் வரவில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

கேம்பிரிட்ஜில் 1874-ல் திறந்த பழைய கேவண்டிஷ் ஆய்வகத்தின் கதவில் 111-ம் சங்கீதத்தின் 2-ம் வசனம் இலத்தீனில் செதுக்கியிருக்கிறது. நம் தமிழ் வேதத்தில், கர்த்தரின் செய்கைகள் "அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது" என்று வரும். "பிரியப்படுகிற" என்ற சொல்லைப் பாருங்கள். நீங்கள் ராஜமலையில் அதிக நேரம் நின்றது அதுதான்.

நம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரையும் இங்கே நினைக்க வேண்டும். மிஷன் பள்ளியில் கற்ற வானியலையும் புவியியலையும் பெத்லகேம் குறவஞ்சிக்குள்ளேயே கொண்டுவந்து பாட்டாக்கினார் அவர்.

விலங்கியல் மாணவன்:

அப்பா நன்றாக இருக்கிறார் டீச்சர். நடக்கிறார்.

உபவாசக் கூடம்:

தம்பி, உங்களுக்கு நடந்ததை நான் ஆதரிக்கவில்லை. அதற்காக வருந்துகிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கடைசியில் யோபு என்ன செய்தார்? "என் கையினால் என் வாயைப் பொத்திக்கொள்ளுகிறேன்" என்றார். வாதம் நின்ற பிறகுதான் "இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்ற வார்த்தை வந்தது. ஆட்டின் சினைக்காலம் தெரிந்தாலும், அப்பா ஏன் படுத்தார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த இடத்தில் படிப்பு நின்றுதான் ஆகவேண்டும்.

விலங்கியல் மாணவன்:

அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. அந்த இடத்தில் எல்லாம் தெரிந்ததுபோலப் பேசியது படிப்பு அல்ல, அந்தக் கூட்டம்தான். அங்கே யாராவது வாயைப் பொத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தேரிக்காட்டான்:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன். நேற்று ராத்திரி தம்பியிடம் நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் பாடமாட்டேன் என்கிறாய் என்று. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வேதத்தை எடுத்து 65-ம் சங்கீதத்தைக் காட்டினான். "தேவனே, சீயோனில் உமக்காகத் துதியானது அமைந்து காத்திருக்கிறது." எபிரேயத்தில் அந்த இடத்தில் மௌனத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறதாம். "முன்னாடி நான் பாடினது என் குரலைக் கேட்க நாலு பேர் இருந்ததாலண்ணே. இப்ப அந்தச் சொல்லுக்கு முன்னால உட்கார்ந்திருக்கேன். பாட்டு திரும்ப வரும்" என்றான். எனக்குப் பாதி புரிந்தது. படிப்பில் ஆபத்து இருக்கிறது என்று இன்னமும் நினைக்கிறேன், உபவாசக் கூடம் பிரதர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தம்பியைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன்.

பிறகு ஜெபத்துக்கு யோபு 39 வாசிக்கச் சொன்னேன். அவன்தான் வாசித்தான். முதல் வரியிலேயே ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினாள். "அது எந்த மாசம்டா குட்டி போடும்?" என்றாள். மாணவத் தம்பி, நீங்கள் எழுதியதைச் சொன்னேன். தை, மாசி வாக்கில் ஆச்சி, ஒரே ஒரு குட்டிதான், பாறை விளிம்பில் நிற்குமாம் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "நம்ம பனை பாளை விடுத சமயந்தான்" என்றாள். அப்புறம் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, "ம், மேல வாசி" என்றாள்.