சாட்ஸ்வொர்த் சுவரோவியம்: 15 பிள்ளைகள், 4 வாரம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து தங்கி வேலை செய்யும் ஓவியரோடு, அங்குள்ள எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகள் சமூகக்கூடச் சுவரில் வரையப் போகிறார்கள். நீளம் 6 மீட்டர், உயரம் 2.5. புதுப் பூச்சு. எப்போது தொடங்கலாம்?

பதில் 1: அக்கா, பூச்சு 28 நாள் காயட்டும். அவசரப்பட்டால் சிமென்டின் காரம் பெயின்டை உரித்துவிடும், உப்பும் பூக்கும். பிறகு காரம் தாங்கும் பிரைமர். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால், அடிநிறம் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் போதும். வெளிச்சுவர் அக்ரிலிக்தான் வாங்குங்கள்.

பதில் 2: ஜூன், ஜூலையில் வையுங்கள், மழை குறைவு. ஓவியர் முடித்த படத்தோடு வந்தால் பிள்ளைகள் வெறுமனே நிறம் நிரப்புவார்கள். அது வேண்டவே வேண்டாம். முதல் வாரம் காகிதத்தில் அவர்களே வரையட்டும். தேர்ந்தெடுத்த படத்தை 60×25 சென்டிமீட்டரில் வரைந்து 5 சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள். சுவரில் 50 சென்டிமீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி வரையட்டும்: மொத்தம் 60, ஆளுக்கு 4. கட்ட ஓரங்களில்தான் கோடு விலகும். பக்கத்துக் கட்டத்துப் பிள்ளையோடு சேர்ந்து சரிபார்த்த பிறகே நிறம்.

பதில் 3: மேல்வரிசைக் கட்டங்களை மட்டும் பிள்ளைகளுக்குப் பதில் பெரியவர்கள் சாரத்தில் நின்று தீட்டட்டும், பிள்ளைகளை ஏணியில் ஏற்றாதீர்கள். சுவருக்குக் கூட நிர்வாகத்திடமும், பிள்ளைகளைப் புகைப்படம் எடுக்கப் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், தனித்தனியாக.