தேரையும் சிறுமீனும் ஒரே தொட்டியில்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஈரக்கல்

மூன்று ஃபயர்பெல்லி தேரைகளையும் எட்டுக் கப்பி மீன்களையும் ஒரே பலுடேரியத்தில், அதாவது பாதி நிலமும் பாதி நீருமான தொட்டியில், ஐந்து மாதங்கள் வளர்த்தேன். நிலப்பகுதி தாராளமாக இருந்தது. நீரோ 15 லிட்டர்தான். தேரைகள் மீன்களைத் தின்றுவிடும் என்று பலரும் எச்சரித்தார்கள், அது நடக்கவில்லை. ஒரு மாலை, பாசி படிந்த கல்லைத் துலக்குவதற்காகத் தூக்கியபோது அதன் அடியில் ஒரு தேரை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது முதுகை வில்லாக வளைத்து, கால்களை மேலே மடக்கி, செம்மஞ்சள் வயிற்றின் விளிம்பை எனக்குக் காட்டியபடி அசையாமல் கிடந்தது. எதிரியை அந்த இனம் எச்சரிக்கும் முறை அது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிறகு நழுவி நீரில் விழுந்தது. மறுநாள் காலையில் ஆறு மீன்கள் செத்து மிதந்தன. எதன் உடலிலும் கடித்த தடம் இல்லை. அந்த வளைந்த முதுகு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வேர்நிழல்

என் தொட்டியில் நடந்தது முள்ளால் வந்த வினை. குள்ளத் தவளை என்று சொல்லி எனக்குத் தரப்பட்டது உண்மையில் நகத் தவளையின் குட்டி. இரண்டுக்கும் பின்காலில் நகம் உண்டு என்பதால் நகத்தைப் பார்த்துப் பயனில்லை; முன்கால் விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை, விரல்கள் தனித்தனியே பிரிந்திருந்தால் நகத் தவளை. இதை நான் அறிந்துகொண்டபோது அது என் உள்ளங்கையை நிரப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஓர் இரவு விளக்கைப் போட்டபோது, அதன் வாய்க்கு வெளியே ஒரு கோரிடோராஸ் மீனின் வால் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. நகத் தவளைக்கு நாக்கு கிடையாது. முன்கைகளால்தான் இரையை வாய்க்குள் திணிக்கும். அது திணிக்கத் திணிக்க, மீன் தன் துடுப்பு முட்களை விறைத்துப் பூட்டிக்கொண்டது. விழுங்கவும் இயலாமல், உமிழவும் இயலாமல் தவளை என்னையே பார்த்தது. ஈரத்துணியில் அதைப் பிடித்து, நகவெட்டியால் முள்ளை நறுக்கி மீனை வெளியே எடுத்தேன். தவளை பிழைத்தது.

தெளிநீர்

ஈரக்கல் அவர்களே, தேரையின் தோல் நஞ்சின் மீது பழி போடுமுன் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: கல்லைத் துலக்கிய அதே நாளில் வடிகட்டியின் பஞ்சையும் குழாய்நீரில் கழுவினீர்களா? கழுவியிருந்தால் கொலையாளி அம்மோனியாதான். பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் கலந்த நீர் அவற்றைக் கொன்றுவிடும், அவை மீண்டும் பெருகச் சில வாரங்கள் ஆகும். என் சொந்த அனுபவம் ஒரு வரிதான்: என் மரத்தவளை நீரில் எச்சமிட்ட மறுநாளே அம்மோனியா சோதனைக் குப்பி பச்சையாக மாறியது; நீரில் அம்மோனியா ஏறிவிட்டது என்று பொருள். ஆகவே பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். நீரை ஒரேயடியாக மாற்றாமல் கால்வாசியை மட்டும் மாற்றுங்கள். மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தவளை, தேரைகளின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். மேலும், ஃபயர்பெல்லி தேரைக்கு உகந்தது 18 முதல் 24 பாகை செல்சியஸ்; கப்பியோ அதைவிட வெப்பமான நீரை விரும்பும். இருவரையும் சேர்த்த அன்றே ஒருவருக்கு நீங்கள் அநீதி செய்துவிட்டீர்கள்.

இலைச்சருகு

தெளிநீர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் தேரைத் தோலின் நஞ்சு கட்டுக்கதை அன்று. 1971இல் பாம்பெசின் என்ற பெப்டைடு (புரதத்தைப் போன்ற சிறு மூலக்கூறு) ஐரோப்பிய ஃபயர்பெல்லி தேரையின் தோலிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. பாம்பினா என்ற அதன் பேரினப் பெயரே அந்தப் பொருளுக்கும் வந்தது. அந்தப் பெப்டைடே மீன்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. மிரண்ட தேரை தோலில் சுரப்பதெல்லாம் 15 லிட்டர் நீரில் எங்கே போகும் என்றுதான் கேட்கிறேன்.

என் தொட்டியில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு: அங்கே மீன்களால் தவளைக்குத்தான் கேடு வந்தது. நியான் டெட்ராக்களோடு இரண்டு குள்ளத் தவளைகளை வைத்திருந்தேன். அவற்றுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. மோப்பம் பிடித்து, தடவித் தடவித்தான் இரைக்கு வரும். நான் போட்ட இரத்தப்புழு ஒன்றின் முன்னால் வந்து ஒரு தவளை வாயைத் திறந்த நொடியில் டெட்ரா அதைக் கவ்விப் போனது. தவளை வெறும் நீரைக் கவ்வி, புழு கிடைத்துவிட்டது போலக் கைகளால் வாயைத் துடைத்துக்கொண்டது. வாரக்கணக்கில் இப்படித்தான் நடந்திருக்கிறது. தொட்டியில் உணவு தீர்ந்துவிடுவதைப் பார்த்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள் என்று நான் மகிழ்ந்திருந்தேன். இடுப்பெலும்பு துருத்திய பிறகே எனக்கு உறைத்தது.

ஈரக்கல்

தெளிநீர் கேட்டதற்கு: ஆம், அன்றைக்குப் பஞ்சையும் குழாயில்தான் கழுவினேன். இதை முதலில் எழுதாமல் விட்டது மறதியா, மறைத்தலா என்று எனக்கே தெரியவில்லை. எஞ்சிய இரண்டு கப்பிகளும் வேறு தொட்டியில் இருக்கின்றன. நான் மூடியைத் திறந்தால் அந்தத் தேரை இப்போது முதுகை வளைப்பதில்லை. இரை வருகிறது என்று என் விரலை நோக்கி நடந்து வருகிறது.