ஐந்து கேமராக்களும் ஒரே நீலச் சீருடையும்

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலை வளாகத்தில், வாயில் கேமராவில் தென்பட்டவரை உணவகத்திலும் கிடங்கிலும் உள்ள மற்ற கேமராக்களில் அடையாளம் காணும் வேலையில் ஈடுபட்டிருந்தேன். கேமராக்களை உயரத்தில் மாட்டியிருந்ததால் முகம் தெரியாது. உச்சந்தலையும் தோள்களும்தான் தெரியும். ஆகவே ஆளின் உருவப் படத்தை எண் வரிசையாக மாற்றி, அந்த வரிசைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கும் வழக்கமான முறையையே கையாண்டோம்.

படத்தை எண்களாக மாற்ற நாங்கள் எடுத்துக்கொண்ட கணினி மாதிரி (மாடல்), சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஓர் அங்காடியின் முன்னால் ஆறு கேமராக்களில் பதிவான, 1501 ஆட்களைக் கொண்ட மார்க்கெட்-1501 தரவில் பயிற்சி பெற்றது. அங்கே ஆளுக்கொரு நிறத்தில் உடை. எங்கள் இடத்திலோ ஷிப்ட் மாறும் வேளையில் எல்லோருக்கும் ஒரே நீலச் சீருடை. ஒரு தொழிலாளரை மட்டும் அது தவறாமல் கண்டுபிடித்தது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், அவர் தோளில் தொங்கிய பச்சைச் சாப்பாட்டுப் பையை அது பிடித்துக்கொண்டிருப்பது புரிந்தது. பையை மேசையடியில் மறந்துவிட்டு அவர் வெளியே வந்த அன்று, கணினிக்கு அவர் புது ஆளாகிவிட்டார்.

இன்னும் பெரிய மாதிரி வேண்டும் என்றார்கள் குழுவினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாயிலிலிருந்து உணவகத்துக்கு எவ்வளவு விரைந்து நடந்தாலும் இரண்டு நிமிடமாகும் என்பதால், வாயிலைக் கடந்த இரண்டாவது நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை அங்கே தென்பட்டவர்களோடு மட்டும் ஒப்பிட்டோம். ஆயிரக்கணக்கில் இருந்த படங்கள் ஐம்பதுக்குள் அடங்கின. சுமார் 2.5 கோடி அளவுருக்கள் (பயிற்சியின்போது மாதிரி சரிசெய்துகொள்ளும் எண்கள்) கொண்ட ரெஸ்நெட்-50 என்ற மாதிரியை விட்டுவிட்டு, சுமார் 22 லட்சமே கொண்ட ஓஎஸ்நெட் என்ற சிறிய மாதிரிக்கு மாறினோம். அது தரும் 512 எண்கள் ஒரு படத்துக்கு 2 கிலோபைட்தான் என்பதால், லட்சம் படங்கள் சேர்ந்தாலும் 200 மெகாபைட்டைச் சுற்றியே நிற்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கணினியே போதுமானதாக இருந்தது.

---

இதைப் படித்த வாசகர் ஒருவரின் மறுமொழி: நானும் இதே வகை வேலையில் இருந்தேன்; எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். என் சொந்தத் தரவில், சரியான ஆளைக் கண்டுபிடிப்பதற்கான மதிப்பெண் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்திருந்தது. தேடிய படமும் கிடைத்த படமும் ஒரே கேமராவில் அடுத்தடுத்த நொடிகளில் எடுக்கப்பட்டவை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதே ஆளை அதே கேமரா எடுத்த படங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது மார்க்கெட்-1501 மதிப்பீட்டு விதி; அதை நான் மறந்திருந்தேன். அவற்றை நீக்கியதும் மதிப்பெண் பாதியாகச் சரிந்தது. அது போகட்டும், பையை மறந்த அந்தத் தொழிலாளரை உங்கள் நேர வரம்பு மீட்டுக் கொடுத்ததா என்று எழுதுங்கள்.