தர்மபுரியில் இலவச சட்ட உதவி இன்டர்ன்ஷிப், போகலாமா?

அரூர்ப் பெண்:
சட்டப்படிப்பு மூன்றாம் வருடம். வரும் லீவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. கூடப் படிப்பவர்கள் சென்னை, பெங்களூரு என்று கிளம்புகிறார்கள், "ஆணைக்குழுவுக்குப் போனால் வழக்குக் கட்டு தூக்கத்தான் விடுவார்கள்" என்கிறார்கள். வாச்சாத்தி எங்களுக்குப் பக்கம்தான். 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ் ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வர 2011 ஆனது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்துதான் சட்டம் படிக்கவே வந்தேன். உண்மையில் அங்கே என்ன வேலை இருக்கும்?

பாலக்கோடு வக்கீல்:
வாங்க தங்கச்சி. நான் பேனல் வக்கீல், அதாவது ஆணைக்குழுவின் இலவச வழக்குகளை நடத்தும் பட்டியலில் இருப்பவன். முதல் வாரம் மனு வாங்கும் மேஜையில் உட்காருங்கள், சட்டம் அங்கேதான் புரியும். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் யாருக்கும் இலவச சட்ட உதவி பெற வருமானம் ஒரு தடையே இல்லை. இது தெரியாமல் வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்துவிட்டு, வழக்கே வேண்டாம் என்று போன பெண்களை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் வழக்கைப் பேசிச் சமரசத்தில் முடிக்கும் மக்கள் நீதிமன்றம். அங்கே சமரசம் ஆகிவிட்டால் அப்பீல் கிடையாது, அதனால் கையெழுத்துக்கு முன் கட்சிக்காரர் எதற்கு ஒத்துக்கொள்கிறார் என்று அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

தேன்கனிக்கோட்டைக்காரன்:
நான் கிருஷ்ணகிரியில் செய்தேன். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பாட்டி வந்தார், கன்னடம் மட்டும்தான் பேசுவார். மஞ்சப்பையில் பட்டா, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கசங்கிய கோர்ட் சம்மன் எல்லாம் ஒன்றாகச் சுருட்டி வைத்திருந்தார். முதியோர் பென்ஷன் தாள் என்று நினைத்து அந்தச் சம்மனுக்குக் கைநாட்டு வைத்திருக்கிறார். கோர்ட்டுக்குப் போகாததால் நிலம் எதிராளிக்கு என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்ட தீர்ப்பு, ஆகிவிட்டது. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான், அன்றைக்கு 22 நாள் ஓடியிருந்தது. நான் செய்தது எல்லாம் அவர் சொன்னதைத் தமிழில் தேதிவாரியாக எழுதித் தந்ததுதான், அதை வைத்து வக்கீல் அக்கா ஆறாம் நாளே மனு போட்டார். கட்டும் தூக்கினேன், அந்தக் கட்டைப் பிரித்துப் படித்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

ஊத்தங்கரை தன்னார்வலர்:
சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன் மா. அனுமதி கிடைத்தால் சிறைக்குப் போகும் குழுவோடு கட்டாயம் போங்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவில், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்துக்கும், வேறு வழக்கும் நிலுவையில் இருப்பவருக்கும் அது பொருந்தாது. கைதான தேதியைப் பார்த்து நாள் எண்ணும் வேலையை நீங்கள் செய்யலாம். அங்கே கேட்டதை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள்.

அரூர்ப் பெண்:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். யாருக்கு எழுதுவது?

பாலக்கோடு வக்கீல்:
கல்லூரி முதல்வரிடம் கடிதம் வாங்கி ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதுங்கள், அவர் ஒரு நீதிபதி. கன்னடமோ தெலுங்கோ தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.