‘பிஃபோர் ஃப்ரைடே’ என்று எழுதி மாட்டியவர்கள், பார்த்தவர்கள் இங்கே வாருங்கள்

சேலத்துக்காரன்:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. எங்கள் டீமில் ஒரு தம்பி, வேலையில் கெட்டி. லண்டன் கிளையன்டுக்கு ‘வில் சென்ட் இட் பிஃபோர் ஃப்ரைடே’ என்று மெயில் போட்டான். அவன் மனதில் இருந்தது வெள்ளிக்குள். வியாழன் சாயங்காலம் கால் வந்தது, ஃபைல் எங்கே என்று. இவன் நாளைக்குத்தானே என்கிறான், அவர் ‘யூ செட் பிஃபோர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார், ஸ்பீக்கரில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ‘பை ஃப்ரைடே’ என்று போட்டிருந்தால் ஒன்றுமே இல்லை. ஆங்கிலமே தெரியாதவன் யாரிடமாவது கேட்டு எழுதுவான், ஓரளவு தெரிந்தவன்தான் மாட்டுகிறான். பிஃபோர், பை, இன், ஆன் மாதிரி குட்டி வார்த்தைகளில், அதாவது ப்ரிபோசிஷனில், மாட்டிய கதை உங்களுக்கும் இருந்தால் சொல்லுங்கள்.

டொராண்டோ மாமி:
எங்கள் வீட்டுக்காரர் கதை. இங்கே வந்த புதிதில் பின்னாலிருந்து ஒருத்தன் காரை இடித்துவிட்டான். இன்ஷூரன்ஸுக்கு போன் போட்டு ‘ஐ வாஸ் ஆன் த கார்’ என்றார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, ‘ஆன் டாப் ஆஃப் த கார், சார்?’ என்று கேட்க, இவர் ரொம்ப மரியாதையாக ‘யெஸ், யெஸ்’. நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து போனைப் பிடுங்கினேன். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, வகுப்பில் ‘ஆன் த பஸ்’, ‘ஆன் த ட்ரெயின்’ என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காருக்கும் டாக்ஸிக்கும் மட்டும் ‘இன்’ என்று யாரும் சொல்லவில்லை. நமக்கு எல்லாமே ‘ல’தானே, பஸ்ல, கார்ல, ரயில்ல.

கொங்கு கணக்கர்:
சேலத்துக்காரரே, கிளையன்ட் மேல் ஒரு தப்பும் இல்லை. பிஃபோர் ஃப்ரைடே என்றால் வியாழனோடு முடிந்தது. எங்கள் ஆபீஸில் இதைவிட மோசம், ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதுகிறார்கள். விதின் டூ டேஸ் என்று கால அளவோடு வரும், கிழமையோடு வராது.
என் கதை வேறு மாதிரி. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் ஒரு பெண் ‘ஆன் த வீக்கெண்ட்’ என்றாள். சார் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ‘அட்’ என்று எழுந்து நின்று சொல்லு என்றார். சொன்னாள், உட்கார்ந்தாள், அடுத்த வாரம் வரவில்லை. ‘அட்’ பிரிட்டிஷ், ‘ஆன்’ அமெரிக்கர்கள் தினமும் சொல்வது என்று பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் யார் போய்ச் சொல்வது?

ரிட்டயர்டு வாத்தியார்:
என் பழைய மாணவன் ஒருவன் இன்டர்வியூவில் ‘மை சிஸ்டர் இஸ் மேரிட் வித் எ டாக்டர்’ என்றானாம், எதிரே இருந்தவர் ‘டு’ என்று மெல்ல முணுமுணுத்தாராம். அவ்வளவுதான். இனி கவனியுங்கள். நம் வேற்றுமை உருபை வைத்து ஆங்கிலம் பேசுவதுதான் நோய். ‘வெளிநாட்டுக்கு’ என்பதில் ‘கு’ இருப்பதால் ‘வென்ட் டு அப்ராட்’ என்கிறோம், அங்கே ‘டு’ கிடையாது, ‘வென்ட் ஹோம்’ என்பதிலும் கிடையாது. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பது ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ ஆகிவிடுகிறது, டிஸ்கஸுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம். ‘மூணு வருஷமா’ என்பதற்கு ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்கிறோம், தொடங்கிய வருஷத்துக்கு ‘சின்ஸ்’, எவ்வளவு காலம் என்பதற்கு ‘ஃபார்’. ஆகவே தனி ப்ரிபோசிஷனைப் படிக்காதீர்கள். டிபெண்ட் ஆன், வெயிட் ஃபார், லிஸன் டு, குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப் என்று ஜோடியாகவே நோட்டில் எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள். வாக்கியத்தை ப்ரிபோசிஷனில் முடிக்கக் கூடாது என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள், 1672-இல் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனைக் குறை சொல்லக் கிளப்பிய வாதம் அது, ஆங்கிலேயர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். மேலும்

ரிட்டயர்டு வாத்தியார்:
மன்னிக்கவும், கை பட்டுப் போய்விட்டது. மேலும், ‘இன் டைம்’ என்றால் கடைசி நிமிஷம் தாண்டாமல், ‘ஆன் டைம்’ என்றால் சொன்ன நேரத்துக்கு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நைட் டூட்டி நர்ஸ்:
ஐயா, அனுபவம் கேட்டார்கள், நீங்கள் பாடமே எடுத்துவிட்டீர்கள். ஜோடி ஜோடியாக நானும்தான் மனப்பாடம் செய்தேன். இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பார்த்தால், நோயாளி ‘ஆன் த வார்டு’, ஆபரேஷனுக்குப் போனால் ‘இன் தியேட்டர்’. வார்டு என்ன மேசையா, மேலே ஏறி உட்கார? எந்த நோட்டிலும் இல்லை இது. முதல் வாரம், ஒரு தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு ‘ஆர் யூ ஆன் டுநைட்?’ என்று கேட்டார். ஆன் வாட் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, சும்மா சிரித்தேன். அவர் விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்கிறார், முகம் வாடிக்கொண்டே போகிறது. பக்கத்துக் கட்டில்காரர்தான் ‘டூட்டி, லவ், டூட்டி’ என்றார். ராத்திரி நான் இருப்பேனா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குப் பகல் டூட்டி.

ரிட்டயர்டு வாத்தியார்:
அம்மா, அந்த ‘ஆன்’ ப்ரிபோசிஷனே இல்லை. அது அட்வெர்ப்.

டொராண்டோ மாமி:
வந்துட்டார்.